டீக்கடைக்கு மேலே ஒரு கொக்குக் குடியிருப்பு

நாகர்கோவிலுக்குப் பறவை பார்க்க யாராவது வந்தால் தேரூர் குளத்துக்கு வழி சொல்லி அனுப்புவோம். இல்லாவிட்டால் மணக்குடிக் காயல், புத்தளம் உப்பளம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த பிறகு கேமராவும் கையுமாக வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பகல் முழுக்கக் குளத்திலும் வயலிலும் மேயும் இந்தப் பறவைகள் முட்டையிட எங்கே போகின்றன என்று கேட்பவர்கள் குறைவு. அதில் ஒரு பங்கு ஊருக்கு நடுவிலேயே, பஸ் ஹாரனுக்கும் டீக்கடை அடுப்புப் புகைக்கும் மேலேயே கூடு கட்டுகிறது. நான் எழுதப்போவது அப்படி ஒரு மரத்தைப் பற்றி.

எனக்கு ஊருக்குள் ஒரு தையல் கடை. எதிர்ச் சாரியில் பழைய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, சாயங்காலம் பூக்கூடையோடு வந்து உட்காரும் ஒரு மைனி, பஸ்ஸுக்கு நிற்கும் சனம். மேலே நீர்க்காகம், சின்ன வெள்ளைக்கொக்கு, நாங்கள் குருட்டுக்கொக்கு என்று சொல்லும் மடையான், அந்தியில் கத்திக்கொண்டு இரைதேடக் கிளம்பும் வக்கா. இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் சுள்ளி பொறுக்கத் தொடங்கும். கடைசிக் குஞ்சு பறந்துபோகப் புரட்டாசி ஆகிவிடும். வேடந்தாங்கல் பக்கம் ஐப்பசி மழைக்குப் பிறகுதான் கூடு கட்டும் காலம். எங்கள் மரத்துக்குக் கேரளத்து மழைக்கணக்கு. உங்கள் ஊரில் எந்த மழை குளத்தை நிரப்புகிறதோ அதை ஒட்டியே கூடும் இருக்கும். மீனும் தவளையும் மலிந்து கிடக்கும் நேரம் பார்த்துத்தான் குஞ்சு பொரிக்கும்.

இந்த மரத்துக்காக நாங்கள் கொஞ்சம் பேர் சில வருடங்களாக வேலை செய்கிறோம். ஓய்வுபெற்ற உயிரியல் வாத்தியார் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள், ஆட்டோ ஓட்டும் தம்பி, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், நான். டீக்கடை அண்ணாச்சியும் உண்டு. எங்கள் எல்லாரையும்விட அவர்தான் முக்கியமான ஆள்.

ஒரு மரத்தில் அத்தனை கூடு இருந்தால் அடியில் என்ன நிலைமை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எச்சம் மட்டுமா விழும்? பாதி செரித்த மீன், கெட்டுப்போன முட்டை, தவறி விழுந்து செத்த குஞ்சு எல்லாம் விழும். மழை விட்டு வெயில் அடித்தால் நாற்றம் மண்டையைப் பிளக்கும். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பவர் சட்டையில் சொட்டும். ஆட்டோவின் மேல் ரெக்சின் வெளுத்துப்போகும். துவைத்து இஸ்திரி போட்ட யூனிபார்மோடு நிற்கும் பிள்ளையின் தோளில் விழுந்தால், அந்தத் தாய்க்கு அன்றைய காலை முழுக்க வீண். இவர்களில் யாருக்கும் பறவை மேல் பகை கிடையாது. ஆனால் பொறுமை போய், ஒருவர் ஒரு மனு எழுதிப் போட்டால் போதும், மரத்துக்கு நாள் குறித்தாயிற்று. அண்ணாந்து பார்த்து ரசிக்கிறவர்கள் அரைமணி நேரத்தில் போய்விடுவார்கள். அடியில் பிழைப்பு நடத்துகிறவர்கள் விடிந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறார்கள். மரம் நிற்பதும் சாய்வதும் அவர்கள் கையில். அதனால் எங்கள் வேலையை டீக்கடையில்தான் தொடங்கினோம்.

அண்ணாச்சியிடம் யாரும் இயற்கை, சுற்றுச்சூழல் என்று பிரசங்கம் பண்ணவில்லை. வாத்தியார் ஒரு டீ சொல்லிவிட்டுக் கேட்டார், "அண்ணாச்சி, இந்தக் கொக்கு இங்க இருக்கணும்னா உங்களுக்கு என்ன செய்து தரணும்?"

அவர் கொஞ்ச நேரம் பாய்லரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார், "சார், என் பால் பாத்திரத்துல விழப்பிடாது. பெஞ்சுல நாலு பேரு நிம்மதியா இருந்து டீ குடிக்கணும். நாத்தம் கொஞ்சம் கொறையணும். வேற எனக்கு என்ன வேணும்? அதுவும் பிள்ளைகுட்டிக்காரியாக்கும், எங்க போவும்?"

அவர் கேட்ட மூன்றையும் செய்துகொடுப்பதே எங்கள் முதல் வேலையாக இருந்தது. எப்படிச் செய்தோம் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் மற்ற ஊர்க்காரர்கள் அதிகம் கேள்வி கேட்கிறார்கள்.

கடைக்கும் பெஞ்சுக்கும் மேலே தார்ப்பாய் கட்டினோம். அதைக் கிடையாகக் கட்டக் கூடாது. மழைத்தண்ணீரும் எச்சமும் நடுவில் தேங்கித் தொங்கி, ஒருநாள் மொத்தமாக யார் தலையிலாவது இறங்கும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நல்ல சரிவு கொடுத்து, அடியில் ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டால் வழிந்து போய்விடும். தார்ப்பாய்க்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு, நர்சரியில் நிழலுக்குக் கட்டும் பச்சை வலையைக் கட்டினோம். மேலேயிருந்து விழும் குஞ்சுக்கு அது தொட்டில். கண் பெரிதாக இருக்கும் மீன்வலையைக் கட்டவே கட்டாதீர்கள். காலும் கழுத்தும் மாட்டிக் குஞ்சு அதிலேயே சாகும். வலையின் ஓரத்தை இரட்டையாக மடித்து நானே தைத்துக் கொடுத்தேன். ஓரம் மடிக்காமல் கயிறு கோத்தால் ஆடிக் காற்றுக்கு ஒருநாள் தாங்காது. இதையெல்லாம் கட்டுவதற்குத் தனியாக இரும்புக் குழாய் நட வேண்டும். கிளையில் கயிறு கட்டினால் காற்று தார்ப்பாயை இழுக்கும்போதெல்லாம் கிளை ஆடும், வெறும் சுள்ளியை அடுக்கி வைத்த கூடு சரிந்துவிடும். வேலை முழுவதையும் வைகாசிக்குள் முடித்துவிட வேண்டும். பறவை வந்து உட்கார்ந்த பிறகு ஏணியும் சுத்தியலுமாக அடியில் நிற்கக் கூடாது.

நாற்றத்துக்கு மரத்தூள். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் மரம் அறுக்கும் மில்களில் சாக்குக் கணக்கில் கிடைக்கும். ராத்திரி கடை அடைக்கும்போது மரத்தடியில் தூவிவிட்டால் ஈரத்தையும் எச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். காலையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்க வேண்டும். காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கினால் தூசி எழும்பி மூக்கில் ஏறும், நுரையீரலுக்கு ஆகாது. பெருக்குகிறவர் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டுதான் பெருக்க வேண்டும். கடையில் மிஞ்சும் காடாத் துணியில் நான் அடுக்கடுக்காகத் தைத்து வைத்திருப்பேன், வேண்டியவர் எடுத்துக்கொள்வார்கள்.

பெருக்கிய தூளை என்ன செய்வது? இதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏராளம். வேடந்தாங்கல் விவசாயிகள் ஏரித்தண்ணீரில் கலந்து வரும் எச்சத்தை உரமாகத்தான் பார்த்தார்கள். பறவையைச் சுடக் கூடாது என்று அவர்கள் கேட்டு, 1798இல் அன்றைய செங்கல்பட்டு கலெக்டரிடம் எழுத்திலேயே வாங்கினார்கள். எங்கள் மரத்தூளை ஒரு தென்னந்தோப்புக்காரர் வந்து எடுத்துப்போகிறார். பச்சையாகப் போட்டால் வேரைச் சுடும் என்பதால் சாணத்தோடு சேர்த்து மட்க வைத்துத்தான் போடுவார்.

பஸ்ஸுக்கு நிற்பவர்கள் விஷயம் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களால் தீர்ந்தது. கிளை கவியாத ஓரத்தில் இருந்த தங்கள் இடத்தைப் பயணிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அவர்கள் மரத்தடிக்கு மாறிக்கொண்டார்கள். ஆட்டோக்களுக்கு மேலேயும் ஒரு தார்ப்பாய் போட்டுக்கொடுத்தோம். அவ்வளவுதான். அந்த வருடத்துக்குப் பிறகு யாரும் மனு எழுதவில்லை.

அடுத்து காக்கை. மரத்தடியில் எச்சில் இலையும் வடைத் துணுக்கும் கிடந்தால் காக்கை நாள் முழுக்க அங்கேயே சுற்றும். தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழும்பும் நேரம் பார்த்து முட்டையைக் கொத்திக்கொண்டு போய்விடும். அண்ணாச்சி குப்பைக்கு மூடி போட்ட டிரம் வைத்தார். முன்பு கிளைக்குக் கிளை உட்கார்ந்திருந்த காக்கைகள் வேறு இடம் பார்த்துப் போனதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். வெடிச் சத்தமும் இதே ஆபத்துதான். வெடித்தால் மரம் முழுக்க ஒரே நேரத்தில் எழும்பும், காக்கைக்குக் கொண்டாட்டம். எங்கள் தெருமுனையில் நடக்கும் திருவிழாக் கமிட்டிக்காரர்களிடம் வாத்தியார் போய்ப் பேசினார். பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியில் கூந்தன்குளத்துக்காரர்கள், வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டும் நாரைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை என்று எடுத்துச் சொன்னார். கமிட்டி வெடியை மைதானத்தின் அந்தக் கோடிக்கு மாற்றிக்கொண்டது. நிறுத்தச் சொல்லியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும்.

எங்களுக்குப் பெரிய சோதனை கிளை வெட்டும் நாளில் வந்தது. கம்பியில் உரசும் கிளைகளை அறுக்க ஒரு ஒப்பந்தக்காரர் ஆட்களோடு ஆடி மாதம் வந்து நின்றார். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஆட்டோத் தம்பி போன் பண்ணினான், "யக்கா, ரம்பத்தோட வந்து நிக்காவ. சீக்கிரம் வாங்க."

போய்ப் பார்த்தால் ஒருவர் ஏணியில் பாதி ஏறிவிட்டார். மேலே நீர்க்காகங்கள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கின்றன. கீழ்க் கிளை ஒன்றில் மட்டும் ஒரு மடையான் எழும்பவே இல்லை. உடம்பைக் கூட்டோடு அழுத்திக்கொண்டு, தலையிலுள்ள மயிர் சிலிர்த்து நிற்க, ஏணிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தது. கூடு கட்டும் காலத்தில் அதன் முதுகு நல்ல அரக்கு நிறத்தில் இருக்கும், கால் சிவந்திருக்கும். இத்தனை பக்கத்தில் ஆள் வந்தும் எழும்பாமல் உட்கார்ந்திருந்தால் அடியில் முட்டையோ பொரித்துக் கொஞ்ச நாளே ஆன குஞ்சோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மேஸ்திரி நல்ல மனிதர். "யக்கா, கம்பியில தட்டுது. நாளைக்குக் கரண்டு போனா நீங்கதான் மொதல்ல போன் பண்ணுவிய" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எந்தெந்தக் கிளை தட்டுகிறது, காட்டுங்கள் என்றோம். பார்த்தால் இரண்டே கிளைகள். ஒன்றில் கூடே இல்லை, அதை அப்போதே வெட்டினார்கள். இன்னொன்றில் நுனியில் மட்டும்தான் உரசல். எந்திர ரம்பம் வேண்டாம், கைரம்பத்தால் நுனிச் சுள்ளியை மட்டும் கழிக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். மீதி ஐப்பசிக்கு. அதற்குள் வாத்தியார் வீட்டிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்துவிட்டார். கூடுகளின் போட்டோ, அன்றைய தேதி, எந்தெந்தப் பறவை, எப்போது பறந்துபோகும் என்ற கணக்கு, எல்லாம் ஒரே பக்கத்தில். முட்டை பொரிய மூன்று வாரம் போல ஆகும், குஞ்சு பறக்க அதற்கு மேல் ஐந்தாறு வாரம். மேஸ்திரி அந்தத் தாளை மேலே இருப்பவர்களுக்கு அனுப்பித் தன் வேலையைத் தள்ளிவைக்க முடிந்தது. ஒரு கூலி வேலைக்காரர் வெறுங்கையோடு திரும்பிப் போனால் அவருக்குத்தான் ஏச்சு விழும். அவர் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்புங்கள்.

அடுத்த பங்குனியில் நாங்களே அவருக்குப் போன் பண்ணி, "இப்ப மரம் காலியாத்தான் இருக்கு, வந்து வெட்டுங்க" என்றோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் வந்து, கம்பியைச் சுற்றிக் கழித்துவிட்டுப் போகிறார்கள். மரத்தை வெட்டாதே என்று குறுக்கே நிற்பதைவிட எப்போது வெட்டலாம் என்று தேதி சொல்வது நூறு மடங்கு பலன் தரும். இன்னொன்று, கம்பி ஓடும் மரத்தில் நம் ஆட்கள் யாரும் ஏறக் கூடாது. கூடு எத்தனை முக்கியமாக இருந்தாலும் சரி.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்று சொல்வதில், காட்டுப்பறவையின் முட்டையையோ கூட்டையோ சேதப்படுத்துவதும் அடங்கும். துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம். அரசு நிலத்தில் நிற்கும் மரமாக இருந்தால், அதை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். 2022 செப்டம்பர் தொடக்கத்தில் மலப்புறம் மாவட்டத்தில் நெடுஞ்சாலை அகலப்படுத்தும் வேலைக்காகக் கூடுகள் நிறைந்த ஒரு பெரிய மரத்தைச் சாய்த்தார்கள். பறக்கத் தெரியாத குஞ்சுகள் தார்ரோட்டில் வந்து விழுந்த அந்த வீடியோவை எங்கள் தெருவில் பார்க்காதவர்கள் இல்லை. கேரள வனத்துறை வழக்குப் போட்டது. அந்த மரத்துக்கு இரண்டு மாதம் தவணை கொடுத்திருந்தால் ரோடும் வந்திருக்கும், குஞ்சுகளும் பறந்திருக்கும். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் ஆறவில்லை. ஆனாலும் மேஸ்திரியிடம் நாங்கள் சட்டத்தை எடுத்து நீட்டவில்லை. பேச்சு முறிந்தால் மட்டும் எடுக்க வேண்டியது அது.

இனி விழுந்த குஞ்சு. எங்களுக்கு வரும் போனில் பாதி இதற்காகத்தான்.

முதலில் எந்தப் பறவையின் குஞ்சு என்று பார்க்க வேண்டும். புல்புல், மைனா, காக்கை, குண்டுக்கரிச்சான் போன்றவற்றின் இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால், அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும், தரையிலேயே ஊட்டும். பூனையை விரட்டிவிட்டு, குஞ்சை ஒரு செடி மேல் வைத்துவிட்டு விலகி வர வேண்டியதுதான். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று சொல்வது சரியல்ல, தொட்டு எடுத்து வைக்கலாம். கொக்கு, நீர்க்காகம் கதை வேறு. அவை கூட்டில் இருக்கும் குஞ்சுக்குத்தான் ஊட்டும்; கீழே விழுந்ததைத் தேடி இறங்கி வந்து ஊட்டுவது அரிது. அதனால் கொக்குக் குஞ்சைத் தரையில் விட்டுவந்தால் அது பட்டினியில் சாகும், இல்லையென்றால் நாய் தூக்கிவிடும்.

எடுக்கும்போது கவனம். கொக்குக் குஞ்சு பயந்தால் நேரே கண்ணைப் பார்த்துக் குத்தும். ஒரு துண்டைப் போர்த்தி, பின்பக்கமாகத் தலையையும் உடம்பையும் சேர்த்துப் பிடியுங்கள். கண்ணாடி போட்டிருந்தால் நல்லது. வயிற்றில் இருக்கும் மீனை உங்கள் மேல் கக்கும், அது நோய் அல்ல. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய பேப்பரைக் கசக்கி வட்டமாக வைத்து, அதற்குள் உட்கார வையுங்கள். பெட்டியை மூடி, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பால், சோறு, பிஸ்கட் எதுவும் ஆகாது. பிள்ளைகள் வந்து வந்து பெட்டியைத் திறந்து பார்க்காமல் பார்த்துக்கொள்வது இருப்பதிலேயே கஷ்டமான வேலை, எங்கள் வங்கிப் பெண் அதற்கென்றே காவல் இருப்பாள். இறகு முளைத்து, கிளையைப் பற்றி நிற்கத் தெரிந்த குஞ்சாக இருந்தால், ஆள் எட்டும் உயரத்தில் கூடு உள்ள கிளைக்கே ஏற்றிவிட்டுப் பார்ப்போம். மற்றதெல்லாம் வனத்துறைக்குத்தான். காட்டுயிரை நாமே வீட்டில் வைத்து வளர்க்கச் சட்டத்தில் இடமில்லை. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். உங்கள் பகுதி பாரஸ்டர் நம்பரையும், பறவைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை டாக்டர் நம்பரையும் சீசனுக்கு முன்பே வாங்கி, டீக்கடைச் சுவரில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

காய்ச்சல் பயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், எல்லையோரத்தில் இருக்கிறோமே. ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்தால், அதே வாரம் இங்கே "மரத்தை எடுத்துரலாம்" என்ற பேச்சு கிளம்பும். 2014, 2021, 2024 என்று அங்கே பலமுறை வந்திருக்கிறது. பயப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அவர்கள் வீட்டிலும் கோழி இருக்கும். நாங்கள் சொல்வது இதுதான்: ஒரே நேரத்தில் பல பறவைகள் தள்ளாடினாலோ செத்து விழுந்தாலோ வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். கூட்டிலிருந்து ஒரு குஞ்சு விழுந்து செத்ததற்கும் காய்ச்சலுக்கும் முடிச்சுப் போட வேண்டாம், கூடுள்ள மரத்தில் அது எப்போதும் நடப்பது. மரத்தை வெட்டினால் பறவைகள் கலைந்து நாலு தெருவுக்குப் பரவும். நோய் இருந்தால் அதுவும் கூடவே போகும். வாத்தியார் இதை ஒரு நோட்டீசாக அடித்து வைத்திருக்கிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் சங்கடத்தைக் குறைக்கும் வேலை. சந்தோஷத்துக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது அசாமைப் பற்றிக் கேள்விப்பட்டபோதுதான். அங்கே ஹர்கிலா என்ற பெரிய நாரையை அருவருப்பான பறவை என்று விரட்டி, அது கூடு கட்டும் மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பூர்ணிமா தேவி பர்மன் என்ற உயிரியலாளர் ஊர்ப் பெண்களைச் சேர்த்தார். கூடு கட்டும் காலத்தில் நாரைக்கு வளைகாப்பு நடத்தினார்கள். தறியில் சேலையிலும் துண்டிலும் நாரை உருவத்தை நெய்தார்கள். இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் அதில் இருக்கிறார்கள், ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2022இல் அவருக்கு விருது கொடுத்தது. துணியை வைத்தே ஒரு பறவையைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்றதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. மீந்த துணியில் கொக்கும் நீர்க்காகமும் வைத்துத் தைத்து, சின்னச் சின்னப் பைகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினேன்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கடை மாடியில் டெலஸ்கோப் வைக்கிறோம். ஒரு கல்லூரியிலிருந்து அன்றைக்கு மட்டும் இரவல் தருகிறார்கள். மாடி மரத்தின் பாதி உயரத்துக்கு வருவதால் கூட்டுக்குள் நேராகத் தெரியும். முதல் வருடம் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தி முட்டி வலியோடு படி ஏறி வந்தாள். வருடக்கணக்காக "இந்த நாத்தம் பிடிச்ச சவங்கள" என்று திட்டிக்கொண்டிருந்தவள். கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. நீர்க்காகம் இரையோடு வந்து இறங்கியதும் குஞ்சு தன் தலை முழுவதையும் தாயின் தொண்டைக்குள் விட்டு மீனை எடுக்கும். "ஏ மக்கா, வாயிக்குள்ள தலைய விட்டுல்லா திங்குது! அதுக்குத் தொண்டை வலிக்காதா?" என்று கேட்டாள். பிறகு வக்காவின் ரத்தச் சிவப்புக் கண், வெள்ளைக்கொக்கின் பிடரியில் தொங்கும் இரண்டு நீண்ட இறகுகள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். கொக்கின் முதுகில் கூடு கட்டும் காலத்தில் முளைக்கும் மெல்லிய இறகுகளை ஐரோப்பாவில் பெண்கள் தொப்பியில் செருகிக்கொண்டார்கள், அதற்காகக் கொக்குகளைக் கூட்டிலேயே கொன்றார்கள், 1902இல் பிரிட்டிஷ் இந்திய அரசு இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது என்று வாத்தியார் சொன்னார். "தொப்பிக்கா?" என்று பாட்டி கேட்ட கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது தன் பேரன்களை அவள்தான் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிவருகிறாள்.

கூடு எண்ணுவதையும் அதே நாளில் வைத்துக்கொள்கிறோம். கேரளத்தில் தன்னார்வலர்கள் கொற்றில்லங்களை, அதாவது கொக்குகள் கூட்டமாகக் கூடு கட்டும் இடங்களை, முறையாக எண்ணுகிறார்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த ஒரு நண்பர் அந்த முறையைக் காட்டிக்கொடுத்தார். மரத்தை மனதுக்குள் நாலு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எந்தப் பறவையின் கூடு என்பது அதில் உட்கார்ந்திருக்கும் பறவையை வைத்துத்தான் தெரியும், காலிக் கூட்டைத் தனியாக எழுத வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஒரே வாரத்தில், ஒரே இடத்தில் நின்று எண்ணினால்தான் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல முடியும். மேஸ்திரிக்குக் கொடுத்த தாளும் கமிட்டியிடம் காட்டிய தாளும் இந்த எண்ணிக்கையிலிருந்து எழுதியவைதான். பிள்ளைகளுக்கு எண்ணுவதில் ருசி வந்துவிட்டால் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்த்துவிடுங்கள். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததையெல்லாம் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவே. கேமரா தேவையில்லை. மரத்தின் பக்கத்தில் டிரோன் பறக்கவிடக் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் எப்போதும் முடியாது என்றுதான் பதில்.

போன மாசியில் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் வந்தார். அவர் கடைக்கு முன்னால் நிற்கும் மரத்திலும் நீர்க்காகம் வந்துவிட்டதாம், பக்கத்துக் கடைக்காரர்கள் வெட்டச் சொல்கிறார்களாம், என்ன செய்யலாம் என்று கேட்டார். பறவையைப் பற்றி அவரிடம் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. மரத்தடியில் யார் யார் கடை போட்டிருக்கிறார்கள், தார்ப்பாய்க்குக் குழாய் நட இடம் இருக்கிறதா, கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டோம். அண்ணாச்சி தானே வந்து அங்கே டீக்கடை வைத்திருப்பவரிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். வலைக்கு நான் அளவு எடுத்தாயிற்று, பங்குனிக்குள் தைத்துவிடுவேன்.